கப்பலுக்குள் நித்திரை கொண்டவர்கள்

பென்சன் எடுக்க இன்னும் நாலைந்து வருடமே இருக்கிற ஒருத்தி, கந்தோருக்கு லீவு போட்டுவிட்டு மூன்று நாள் கட்டிலில் சாய்ந்தபடி கைபேசியில் பழைய தொலைக்காட்சித் தொடர் ஒன்றைப் பார்த்தாள் என்றால் யாரும் சிரிப்பார்கள். என் வீட்டிலும் சிரித்தார்கள். என் வயதுக்காரரான நீங்கள், அதிலும் பற்றறியில் படம் பார்த்து வளர்ந்த வன்னிக்காரர், சிரிக்கமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை பின்னேரங்களில் போன அந்த ஆங்கிலத் தொடர் உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். வேறு கிரகத்திலிருந்து ஒரு கூட்டம் பூமியைப் பிடிக்க வரும். அவர்களுடைய கப்பல் ஒரு ஏரிக்கு மேலே அசையாமல் நிற்கும், நெல் அவிக்கிற கிடாரத்தைக் கவிழ்த்து வைத்தது போல. ஊரில் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். அவர்கள் குடித்துக்கொண்டிருந்த கோப்பை மட்டும் மேசையில் ஆவி பறக்க இருக்கும். பத்துக் கிழமை ஓடியது. பதினோராவது சனிக்கிழமை அதே நேரத்துக்கு ஒருவர் வந்து மிளகாய்ச் செய்கையைப் பற்றிக் கதைத்தார். ஏன் நிறுத்தினார்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. தெற்கில் கலவரத்தில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்ததற்கு அடுத்த வருடம். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவந்த பிறகு, அப்பா வேலை தேடி யாழ்ப்பாணத்தில் அலைந்துகொண்டிருந்தார். அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில் ஒதுங்கியிருந்தோம். பெரியப்பா இளவயதிலேயே குடாநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து, குளத்துக்குக் கீழே குடியேற்றக் காணி எடுத்து, காடு வெட்டிக் கழனி ஆக்கியவர். அதை அவர் ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது சொல்வார். அந்த வருடம் பெரும்போகம் நன்றாக விளைந்தது. வாய்க்கால் கரையிலேயே முதலாவது தொலைக்காட்சிப் பெட்டி அவர் வீட்டுக்கு வந்தது.

பெட்டிக்கு மரத்தில் இரண்டு கதவு, கதவுக்குப் பூட்டு. திறப்பு பெரியப்பாவின் இடுப்பில் தொங்கும். கரண்ட் இல்லாத வீடு என்பதால் சனிக்கிழமைகளில் உழவு மெசினின் பற்றறியைக் கழற்றிப் பெட்டிக்குக் கொடுப்பார். ஞாயிறு காலையில் மெசின் இழுக்காது. வீட்டில் இருக்கிற எல்லோரும் பின்னால் நின்று தள்ளவேண்டும். பற்றறி இறங்க இறங்கப் படம் நான்கு பக்கமும் சுருங்கிக்கொண்டு வரும். கடைசி ஐந்து நிமிடம் கதாநாயகன் முத்திரை அளவில் நின்று வேற்றுக்கிரகத்தாரோடு சண்டை பிடிப்பான்.

அன்ரனாவைத் திருப்புவது பெரியம்மாவின் வேலை. கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் எங்களுக்கு அவ்வளவு தூரமில்லைதான், ஆனாலும் காற்றடித்தால் கம்பு திரும்பிவிடும். பெரியம்மா முற்றத்தில் நின்று கம்பைக் கட்டிப்பிடித்தபடி, "இப்ப எப்பிடி? தெளிவே?" என்று கேட்பார். தெளிவாக இருந்தால் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்வார்கள். அந்தத் தொடரில் அவர் ஒரு முழுப் படத்தையும் பார்த்ததில்லை. ஆனால் அடுத்த வீட்டாருக்குக் கதை சொல்வது அவர்தான்.

முதல் சனிக்கிழமையே ஒரு சிக்கல் வந்தது. படத்தில் பேசுவது ஆங்கிலம், கீழே ஓடுவது சிங்கள எழுத்து. இருபது பேர் இருந்த அந்த அறையில் இரண்டும் யாருக்கும் விளங்கவில்லை. பெரியப்பா தன் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவர் மாமி.

"எட்டு வருசம் அங்க கடை வைச்சிருந்தனியெல்லே. உதை வாசிச்சுச் சொல்லன்."

"கதைக்கத்தான் தெரியும் அண்ணை. எழுத்துத் தெரியாது" என்றார் மாமி, கையிலிருந்த முருங்கையிலையை ஆய்ந்தபடி.

அப்போது அம்மா என் முதுகில் கைவைத்து முன்னே தள்ளினார். புதிய பள்ளிக்கூடத்தில் எனக்குச் சிங்களம் தெரியும் என்பதை நான் மூச்சுவிடாமல் வைத்திருந்தேன். தெரிந்தால் என்னோடு விளையாடமாட்டார்கள் என்று பயம். அன்றைக்குப் பெட்டிக்கு முன்னால் பாயைப் போட்டு என்னை இருத்தினார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூச் சர்க்கரை. நான் ஒரு வரியில் பாதியை வாசிக்கும்போதே அது மறைந்து அடுத்த வரி வந்துவிடும். விட்ட பாதியை நானே இட்டு நிரப்புவேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "பிள்ளை தண்ணிபட்ட பாடாய்ச் சொல்லுது" என்று பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்.

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் முதலில் வருவது அந்த அறையின் வெளிச்சம். வெளியே பொழுது படுகிற நேரம், உள்ளே பெட்டியின் நீலம். எல்லோருடைய முகமும் தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரியும். வைக்கோல் மணமும் குசினிப் புகையும் பற்றறியின் புளித்த மணமும் ஒன்றாக வரும். யாரும் அசையமாட்டார்கள். என் குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். என் குரலை நானே தூரத்திலிருந்து கேட்பது போல இருக்கும்.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். மாமியும் மாமாவும் தெற்கில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். போனால் ஒரு தோடம்பழ இனிப்பு நிச்சயம். புகை கிளம்பிய அன்று மாமா, பக்கத்து வீட்டாரோடு மாமியை ஒரு லொறியில் ஏற்றிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு பின்னால் வருவதாகச் சொன்னார். வரவில்லை. உடலும் இல்லை, கடிதமும் இல்லை. முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார். றோட்டில் கண்டதாக இன்னொருவர் சொல்லத் தொடங்கி, மாமியைப் பார்த்ததும் கதையை மாற்றினார்.

வருடம் ஒன்று ஆகப்போகிறது. வாய்க்காலின் கடைசியில் புதிதாகக் காணி பிரிக்கப்போகிறார்கள், அதிகாரி வந்து ஆட்களை விசாரிக்கிற காணிக் கச்சேரி வைக்கப்போகிறார்கள் என்று கதை அடிபட்டது. புருசன் இல்லாதவர்களுக்கு முதலிடம், ஆளுக்கு இரண்டு ஏக்கர் என்று பெரியப்பா விசாரித்துக்கொண்டு வந்தார். அதற்கு மாமி செய்யவேண்டியது ஒன்றுதான். அந்தியேட்டிக் கிரியை செய்து, தாலிக்கொடியைக் கழற்றி, அதிகாரிக்கு முன்னால் புருசன் செத்துப்போனார் என்று சொல்லவேண்டும்.

"நான் உள்ள மட்டும் சோறு போடுவன். எனக்குப் பிறகு? உனக்கெண்டு ஒரு துண்டு நிலம் வேண்டாமே?" என்று பெரியப்பா கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. மாமி எழுந்து குசினிக்குப் போனார்.

நாலாவது சனிக்கிழமைதான் அது நடந்தது. படத்தில், கப்பலுக்குள் களவாகப் போய்த் திரும்பி வந்த ஒரு பெண்ணைச் சுற்றி ஊரார் நிற்கிறார்கள். அவரவர் ஆட்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அவள் ஒரே ஒரு வரி சொல்கிறாள். அந்த வரி மெதுவாகவே நின்றது. அந்தத் தொடரில் முதல் தடவையாக நான் ஒரு முழு வரியையும் வாசித்தேன். கொண்டுபோனவர்களில் ஒருவரும் உயிரோடு இல்லை என்று போட்டிருந்தது.

"என்னவாம் பிள்ளை?" என்று பின்னாலிருந்து மாமி கேட்டார். அதற்கு முன்னால் அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"எல்லாரும் உயிரோடதான் இருக்கினமாம்" என்றேன். "கப்பலுக்குள்ள நித்திரையாம்."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. மாமியின் கை முருங்கையிலைக்குள் அப்படியே நின்றதைக் கண்டேன். பிறகு மெல்ல ஆயத் தொடங்கியது. அன்றிரவுச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் ஒரு பொரித்த முட்டை இருந்தது.

அதற்குப் பிறகு என் பாடு பெரும்பாடு. ஒரு பொய்யைக் காப்பாற்ற ஒன்பது பொய் வேண்டும் என்பார்களே, எனக்குக் கிழமைக்கு ஒன்பது தேவைப்பட்டது. செத்தவர்களைப் பற்றி யாராவது பேசினால் நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னேன். அழுதால் சந்தோசத்தில் அழுகிறார்கள் என்றேன். ஏழாவது கிழமை முழுநீளச் செத்தவீடு ஒன்றைக் காட்டிவிட்டார்கள். எல்லோரும் கறுப்பு உடுப்பு, கையில் பூ.

"கலியாணமாம்" என்றேன்.

"கலியாணத்துக்கு ஏன் கறுப்பு?" என்றார் பெரியப்பா.

"வெள்ளைக்காரருக்கு அப்பிடித்தான் பெரியப்பா."

"அப்ப அந்தப் பெட்டி?"

"அது சீதனப் பெட்டி."

"ஆறு பேர் தூக்கிற சீதனமோ" என்று பெரியப்பா ஆச்சரியப்பட்டார். குசினி வாசலில் ஒரு சத்தம் கேட்டது. மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நாங்கள் கேட்டது அன்றுதான். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்கள் பிள்ளைப் பட்டாளத்துக்கோ தொடர் முழுவதும் உண்மை. அந்த வேற்றுக்கிரகத்தாருக்குத் தும்மல் வராது, அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு கதை இருந்தது. அது படத்தில் வந்ததா, நான் இட்டு நிரப்பியதா என்று அப்போதே எனக்கு நிச்சயமில்லை. மிளகுத்தூளைக் கடதாசிச் சரையில் கட்டிக்கொண்டு ஊரைச் சோதித்தோம். முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் புடவை கொண்டுவரும் முஸ்லிம் நானா எட்டுத் தரம் தும்மி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "உங்கட வாப்பாமாரிட்டச் சொல்லுறன் இருங்கோ" என்று சிரித்தார். அவர் மனிதர்தான் என்று முடிவாயிற்று. பெரியப்பா தும்மவில்லை. பல வருடம் மூக்குப்பொடி போட்டவருக்கு மிளகு எந்த மூலைக்கு? ஒரு கிழமை முழுவதும் நாங்கள் அவரை விட்டுத் தள்ளியே நடந்தோம்.

பொழுதுபடும் நேரம் குளக்கட்டில் ஏறி நின்று பார்ப்போம். மாசிப் பனி தண்ணீருக்கு மேலே படிந்து வரும். பட்டுப்போன மரங்களில் நீர்க்காகம் சிறகை விரித்துக்கொண்டு இருக்கும். பனிக்குள் ஏதோ வட்டமாகத் தெரிவதாக ஒருத்தி சொல்வாள். எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரிந்தது. உள்ளே, வரிசையாகப் போட்ட நீள வாங்குகளில் ஆட்கள் படுத்திருப்பதும், ஒவ்வொருவர் நெற்றியிலும் ஈரத்துணி போட்டிருப்பதும், மூன்றாவது வாங்கில் மாமா ஒரு கையைத் தலைக்குக் கீழே மடித்து வைத்துக்கொண்டு நித்திரையாக இருப்பதும் எனக்குத் தெரிந்தது. கடையில் மத்தியானம் அவர் அப்படித்தான் படுப்பார். நான் சொன்ன பொய்யை நானே நம்பத் தொடங்கியிருந்தேன்.

சித்திரையில் காணிக் கச்சேரி வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. லீவு நாள் என்பதால் நானும் கூடப் போனேன். மாமி வெளிறிய சேலையில், நெற்றியில் பொட்டோடு போய்க் கதிரையில் இருந்தார். அந்தியேட்டி இன்னும் செய்யவில்லை, முதலில் காணி கிடைக்கட்டும் என்று பெரியப்பா சமாளித்து வைத்திருந்தார். அதிகாரி நல்ல மனிதர். கடதாசியைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டார்.

"அம்மா, உங்கட அவர் கலவரத்தில மோசம் போனவரெண்டு எழுதியிருக்கு. சரிதானே?"

"இல்லை" என்றார் மாமி. "இருக்கிறார்."

"எங்க இருக்கிறார்?"

"தெரியாது. வரவேணும்."

அதிகாரி பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா சுவரைப் பார்த்தார். "அப்ப அவர் வந்தாப் பிறகு அவரோட ஒருக்கா வாங்கோ அம்மா" என்று சொல்லி அதிகாரி கடதாசியைத் திருப்பிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது பெரியப்பா சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் போனார். வாய்க்கால் பாலத்தில் நின்று, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "பெட்டியில பாத்த கதையை நம்பி ரெண்டு ஏக்கரைத் துலைச்சிட்டாள்." மாமி அவரைக் கடந்து நடந்தார். பெட்டியில் வந்த கதை எது, என் கதை எது என்பது எனக்குத்தானே தெரியும். அந்தச் சனிக்கிழமையிலிருந்து மிளகாய்ச் செய்கை வந்தது. கடவுள் என் வாயை அடைப்பதற்கென்றே தொடரை நிறுத்தினார் என்று நினைத்தேன்.

பிறகு எங்களுக்கு நடந்தவை உங்களுக்கும் நடந்தவைதான், விவரிக்கத் தேவையில்லை. பெட்டியை ஒரு இடப்பெயர்வில் மெசினில் ஏற்றிக்கொண்டு போய், அடுத்ததில் ஒரு வேலியோரம் இறக்கிவிட்டு வந்தோம். பூட்டியபடிதான் விட்டோம், திறப்பு பெரியப்பாவின் இடுப்பில் இருந்தது. யுத்தம் எல்லாம் முடிந்து ஊருக்குத் திரும்பியபோது வீட்டுத்திட்டம் கொடுத்தார்கள். காணி உள்ளவருக்கு வீடு. மாமிக்குக் காணி இல்லை, அதனால் வீடும் இல்லை. பெரியப்பாவின் வளவில் பின்பக்கத்து அறையொன்றில், முதலில் அண்ணன் தயவிலும் அவர் போன பிறகு அண்ணன் பிள்ளைகள் தயவிலும் மாமி இருந்தார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். ஒருவரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் அந்த அறையில் தண்ணீர் ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைத்திருப்பதைக் காணும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த நாலாவது சனிக்கிழமை ஞாபகம் வரும். நாற்பது வருடமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் மகன் ஏதோ தேடப்போய் அந்தத் தொடரைக் கண்டுபிடித்துத் தந்தான். பார்த்தேன். கப்பல் பச்சை நிறம், எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியில் பார்த்த நான் நாற்பது வருடமாக அதைச் சாம்பல் என்று வைத்திருந்தேன். அதைக் கட்டித் தொங்கவிட்ட நூல்கூடத் தெரிகிறது. தும்மல் கதை படத்தில் எங்குமே இல்லை. எங்களுக்குக் காட்டாத மூன்று பாகம் இருந்தது. கடைசிப் பாகத்தில் கப்பலைக் கொளுத்துகிறார்கள். அது ஏரிக்குள் விழுகிறது. உள்ளேயிருந்து ஒருவரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டே, அந்தத் தண்ணீர் அடங்கும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் எடுத்தேன்.

மாமி அறை வாசலில் கதிரை போட்டு இருந்தார். எண்பதை எட்டப்போகிறார். இன்னும் பொட்டு வைக்கிறார். கொடி எங்கேயோ ஒரு இடப்பெயர்வில் அரிசியாகிப் போனது, அது வேறு கதை. தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை பொறுக்க என்னால் முடியவில்லை.

"மாமி, அந்த நாளையில சனிக்கிழமைப் படம் ஒண்டு பாத்தமெல்லே. நான் அதில பொய் சொன்னனான்."

"ஓம்" என்றார் மாமி. "ஒருத்தரும் உயிரோட இல்லையெண்டு போட்டிருந்தவங்கள். நீ நித்திரையெண்டு சொன்னாய்."

"உங்களுக்கு வாசிக்கத் தெரியுமோ?" என்றேன்.

"கடை வாசல் பலகையை எழுதினதே நான்தான் பிள்ளை. ரெண்டு பாசையிலயும். அவருக்குக் கையெழுத்துச் சரியில்லை."

"அப்ப ஏன் வாசிக்கத் தெரியாதெண்டு சொன்னீங்கள்?"

"அந்த எழுத்தை என்ர வாயால சொல்ல அப்ப எனக்கு ஏலாமல் இருந்தது." கோப்பையைக் கீழே வைத்தார். "நீ சொல்லுறதைக் கேக்க நல்லாயிருந்தது. கீழ ஒண்டு ஓடும், நீ ஒண்டு சொல்லுவாய். ரெண்டையும் பாத்துக்கொண்டிருப்பன். என்ர பிள்ளை எனக்காக எவ்வளவு பாடுபடுதெண்டு நினைப்பன்."

"என்னாலதானே மாமி காணி போனது?"

"ஆர் சொன்னது?"

"பெரியப்பா. பாலத்தில வைச்சு."

"அண்ணைக்கு என்ன தெரியும்" என்றார் மாமி. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தக் குரலில் கோபத்தைக் கேட்டேன். "அவர் செத்தது எனக்கு லொறியில வரேக்கையே தெரியும். கடைப் பக்கம்தான் புகை வந்தது. அதை ஒரு மேசைக்கு முன்னால இருந்து சொல்லி, ரெண்டு ஏக்கர் வாங்க எனக்கு மனம் வரேல்லை. காணி போனது படத்தாலயும் இல்லை, உன்னாலயும் இல்லை. நீ ஏன் இவ்வளவு காலமும் உதைச் சுமந்துகொண்டு திரிஞ்சனி?"

நான் அழுதேன். ஐம்பது தாண்டிய பெண் அழும் அழகை நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். மாமி அழவில்லை. என் அழுகை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதிரையைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இப்ப வந்தது நல்லதாப் போச்சு. ஆரிட்டச் சொல்லுறதெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தனான். நான் போனாப் பிறகு என்ர அந்தியேட்டியோட அவருக்கும் சேத்துச் செய்விக்க வேணும். ஒரே நாளில. அதுக்குப் பிறகு ஆர் கேட்டாலும் செத்துப்போனாரெண்டு சொல்லலாம்."

"ஓம் மாமி. செய்யிறன்."

"பேரைச் சொல்லிச் செய்யவேணும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமாவின் பெயர் எனக்குத் தெரியாது. தெற்கில் அவரைக் கடை முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள், எனக்கு அவர் மாமா. மாமி புருசன் பெயரை வாயால் சொல்லும் காலத்துப் பெண் அல்ல. அவர், இவர், உங்கட மாமா என்பதோடு சரி.

"மாமாவின்ர பேர் என்ன மாமி?" என்று கேட்டேன்.

மாமி கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பிறகு, தகப்பன் பெயரையும் சேர்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் கைப்பையைக் கிளறிப் பேனையை எடுத்து, பஸ் ரிக்கற்றின் பின்பக்கத்தில் கேட்டதைக் கேட்டபடி எழுதினேன்.

"காட்டு பாப்பம்" என்று கையை நீட்டினார். ரிக்கற்றைத் தூரப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, எழுத்து எழுத்தாக வாசித்துப் பார்த்தார்.

"சரி" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.